அடுத்தவர் படைத்த பாத்திரத்தை நான் எழுதலாமா?

கேள்வி இது: "எனக்குப் பிடித்த நாவலின் பாத்திரங்களை வைத்து நானே ஒரு தொடர்ச்சி எழுதி இணையத்தில் போடுகிறேன். காசு வாங்குவதில்லை. 'இந்தப் பாத்திரங்கள் எனக்குச் சொந்தமில்லை' என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இது சட்டப்படி சரிதானே? உண்மையில் ஒரு கதாபாத்திரத்தின் மேல் யாருக்கு உரிமை?"

சுருக்கமாகச் சொன்னால், சட்டப்படி சரி என்று அடித்துச் சொல்ல முடியாது. அதே சமயம் உங்கள் மேல் யாரும் வழக்குப் போடப்போவதும் அநேகமாக இல்லை. ஃபேன் ஃபிக்‌ஷன் (ரசிகர் கதை) எழுதுகிற பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். யாரும் கேட்கவில்லை என்பதாலேயே உரிமை இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். உலகம் முழுக்க எழுதப்படும் ரசிகர் கதைகளில் பெரும்பகுதி, உரிமையாளர்கள் கண்டும் காணாமல் விட்டிருப்பதால்தான் நடமாடுகிறது. அந்தப் பொறுமை எதுவரை நீளும், எங்கே அறுந்துபோகும் என்று தெரிந்து எழுதினால் பயப்பட ஒன்றுமில்லை. கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

பாத்திரத்தின் மேல் உரிமை என்று தனியாக ஒரு சட்டப்பிரிவு பெரும்பாலான நாடுகளில் கிடையாது. பதிப்புரிமை என்பது எழுதப்பட்ட படைப்புக்கு உண்டானது. பாத்திரம் அந்தப் படைப்பின் ஒரு பகுதி என்பதால் பாதுகாப்பு அதற்கும் நீள்கிறது. எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் பதிலை 1930-ல் அமெரிக்க நீதிபதி லெர்னட் ஹேண்ட் சொன்னார். ஒரு யூதக் குடும்பம், ஒரு ஐரிஷ் குடும்பம், இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குள் காதல், முறைத்துக்கொள்ளும் அப்பாக்கள். இதை நாடகமாக எழுதிய ஆன் நிக்கல்ஸ், இதே மாதிரிக் கதையைப் படமாக எடுத்த யூனிவர்சல் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார், தோற்றார். முறைத்துக்கொள்ளும் அப்பா என்பது ஒரு வகைமாதிரி. அது யாருக்கும் சொந்தமாக முடியாது. பாத்திரம் எவ்வளவு மங்கலாக வரையப்பட்டிருக்கிறதோ அந்த அளவுக்குப் பாதுகாப்பும் குறைவு, அது எழுத்தாளர் தன் தெளிவின்மைக்குக் கொடுக்க வேண்டிய தண்டனை என்றார் ஹேண்ட்.

இதைத் தமிழில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாவலில் வைத்துப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். 'பொன்னியின் செல்வ'னில் வரும் அருள்மொழி, குந்தவை, ஆதித்த கரிகாலன் மூவரும் சோழ வரலாற்றில் இருந்தவர்கள். வல்லவரையன் வந்தியத்தேவன் என்ற பெயரும் கல்வெட்டில் இருப்பதுதான். இவர்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் எப்போதும் எழுதலாம். ஆனால் நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் கல்கியின் கற்பனை. அதோடு, கல்வெட்டில் வெறும் பெயராக இருக்கும் வந்தியத்தேவனுக்கும், ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வந்து, போகிற இடமெல்லாம் வாயைக் கொடுத்து வம்பில் மாட்டிக்கொள்ளும் வந்தியத்தேவனுக்கும் எவ்வளவு தூரம்! இரண்டாமவனுக்கு உயிர் கொடுத்தவர் கல்கி. பதிப்புரிமை நடப்பிலிருந்த காலத்தில் முதலாமவனை எடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை, இரண்டாமவனை எடுக்கக் கேட்டாக வேண்டும். இப்போது கேட்க வேண்டாம். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. அவர் 1954-ல் மறைந்ததால் 2014 முடிவோடு இந்தியாவில் பதிப்புரிமைக் காலமும் கழிந்துவிட்டது. கல்கி விட்டுப்போன இழைகளைப் பிடித்துக்கொண்டு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதியதை நினைவில் வையுங்கள். தொடர்ச்சி எழுதும் ஆசை இணையத்தோடு வந்ததில்லை.

பெயர் மட்டும் என்றால் பதிப்புரிமை பொதுவாக எட்டாது. படமாக வரையப்பட்ட பாத்திரத்துக்கோ பாதுகாப்பு கூடுதல். அங்கே உருவம், உடை, நிறம் எல்லாமே கண்ணுக்கு எதிரே இருக்கிறது. 'நாக்ராஜ்' காமிக்ஸின் பதிப்பாளர், 'நாகேஷ்' என்ற பெயரில் வந்த இன்னொரு பாம்பு நாயகனை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது 1996-ல். அமெரிக்காவில் 2015-ல் பேட்மேனின் காருக்கே, ஆள்கூட இல்லாத அந்த வண்டிக்கே, பாத்திரம் என்ற தகுதி கொடுத்தார்கள். கொஞ்சம் அதிகம்தான் என்பது என் எண்ணம்.

எழுத்தாளருக்கே தன் பாத்திரத்தின் மேல் உரிமை உண்டா என்று கேள்வி வந்த வழக்கும் ஒன்று இருக்கிறது. டாஷியல் ஹாமெட் தன் துப்பறியும் நாவலின் திரைப்பட, வானொலி உரிமைகளை வார்னர் பிரதர்ஸுக்கு விற்றிருந்தார். அந்த நாவலின் நாயகன் சாம் ஸ்பேட். பின்னாளில் அதே ஸ்பேடை வைத்து ஹாமெட் வானொலித் தொடருக்கு அனுமதி கொடுத்ததும், நாவலோடு ஆளும் எங்களுக்கு வந்துவிட்டான் என்று வார்னர் கோர்ட்டுக்குப் போனது. 1954-ல் தீர்ப்பு ஹாமெட் பக்கம். கதை சொல்லும் ஆட்டத்தில் பாத்திரம் ஒரு சதுரங்கக் காய், ஒரு ஆட்டத்தை விற்றவன் காயையும் விற்றுவிட்டதாக ஆகாது என்றார்கள். நீங்கள் எழுதுபவராக இருந்தால் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: பாத்திரத்தின் உரிமை யாருக்கு என்று ஒப்பந்தத்தில் தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நடைமுறையில் பல பிரபலப் பாத்திரங்களின் உரிமை அவற்றைப் படைத்தவரிடம் இல்லை, நிறுவனத்திடம் இருக்கிறது.

சட்டமே இல்லாத காலத்தில் இந்தத் தகராறு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டெஸின் கதையைவிடச் சுவையானது இல்லை. 'டான் கிஹோட்டே' முதல் பாகம் 1605-ல் வந்து பெரிய வெற்றி. இரண்டாம் பாகத்தை அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே, 1614-ல், அவெல்லனேடா என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் தானே ஒரு இரண்டாம் பாகத்தை வெளியிட்டுவிட்டார். முன்னுரையில் செர்வாண்டெஸைக் கேலி வேறு. எழுத்தாளருக்கு உரிமை கொடுத்த முதல் சட்டம் என்று சொல்லப்படும் இங்கிலாந்தின் ஆன் அரசி சட்டம் வர இன்னும் ஏறக்குறைய நூறு ஆண்டு இருந்தது. ஆகவே கோர்ட்டுக்குப் போக வழியில்லை. செர்வாண்டெஸ் தன் புத்தகத்துக்குள்ளேயே கோர்ட்டைக் கூட்டினார்.

அவருடைய இரண்டாம் பாகத்தில், கிஹோட்டே ஒரு சத்திரத்தில் தங்கியிருக்கும்போது பக்கத்து அறையில் இருவர் அந்தப் போலிப் புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது காதில் விழுகிறது. அந்தப் புத்தகத்தில் தான் சரகோசா நகரத்துக்குப் போவதாக எழுதியிருக்கிறது என்று தெரிந்ததும், "அப்படியானால் அந்த ஊரில் காலே வைக்கமாட்டேன்" என்று பார்சிலோனா பக்கம் திரும்பிவிடுகிறார். அதோடு விடவில்லை. போலிப் புத்தகத்தில் வரும் டான் ஆல்வாரோ தார்ஃபே என்ற பாத்திரத்தைச் செர்வாண்டெஸ் எடுத்துத் தன் கதைக்குள் கொண்டுவருகிறார். அந்த ஆள் உண்மையான கிஹோட்டேயைப் பார்த்து, "நான் முன்பு சந்தித்தவர் இவர் அல்ல" என்று ஊர் அதிகாரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். அதாவது, பாத்திரத்தைத் திருடியவனிடமிருந்து பாத்திரத்தைத் திருடி, அவனையே சாட்சி சொல்ல வைத்திருக்கிறார். கடைசியில் கிஹோட்டே இறக்கும்போது, அவர் இயற்கையாக இறந்தார் என்று எழுத்தரிடம் சான்று வாங்கி வைக்கிறார் பாதிரியார். வேறு எவனும் அவரை உயிர்ப்பித்துப் புதுக்கதை கட்டிவிடக் கூடாதாம். ஒரு எழுத்தாளருக்குத் தன் பாத்திரத்தின் மேல் இருக்கும் பிடிப்பை இவ்வளவு நகைச்சுவையோடும் இவ்வளவு கோபத்தோடும் நான் வேறெங்கும் படித்ததில்லை. கூடவே ஒன்றையும் கவனியுங்கள். அந்தப் போலி வராமல் இருந்திருந்தால் இந்தக் காட்சிகள் எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது.

காவியப் பாத்திரங்களின் விஷயம் வேறு. வால்மீகியில் இல்லாத இரணியன் வதையைக் கம்பன் சேர்த்தபோதும், சீதை தீக்குளித்த செய்தி கேட்டு அகலிகை மறுபடி கல்லாவதாகப் புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' எழுதியபோதும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை. அதை வைத்து இன்றைய நாவலுக்கும் அப்படியே என்று வாதாடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உணர்ச்சியாகச் சரி, சட்டமாக எடுபடாது.

இனி உங்கள் இரண்டு நம்பிக்கைகளுக்கு வருகிறேன். காசு வாங்கவில்லை என்பது ஒன்று, 'எனக்குச் சொந்தமில்லை' என்ற அறிவிப்பு மற்றொன்று.

அறிவிப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குச் சட்ட மதிப்பு ஏறக்குறைய இல்லை. மரியாதைக்குப் போடலாம், வாசகர் குழம்பாமல் இருக்கப் போடலாம். 'இது இன்னாருடையது என்று எனக்குத் தெரியும்' என்று நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரியும் அது ஆகும்.

காசு வாங்காதது உண்மையிலேயே உதவும், ஆனால் கவசம் ஆகாது. மூலத்தை அடிப்படையாகக் கொண்டு வழிப்படைப்பு உருவாக்கும் உரிமை மூல ஆசிரியருக்கே என்றுதான் பல நாட்டுச் சட்டங்களும் சொல்கின்றன. அங்கே விற்பனை என்ற சொல்லே கிடையாது. பணம் என்பது விதிவிலக்கு கேட்கும்போது, அதாவது 'என் பயன்பாடு நியாயமானது' என்று நீங்கள் வாதாடும்போது, எடைபோடப்படும் பல விஷயங்களில் ஒன்று. அமெரிக்காவில் நான்கு அம்சங்களைப் பார்ப்பார்கள்: எதற்காக எந்த விதத்தில் பயன்படுத்தினீர்கள், மூலம் எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தீர்கள், மூலத்தின் சந்தைக்கு என்ன பாதிப்பு. இந்தியச் சட்டத்தின் 52-வது பிரிவு இன்னும் குறுகலானது. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி என்று பட்டியல் போட்டிருக்கிறது. ரசிகர் கதை அந்தப் பட்டியலில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளாது.

கனடா மட்டும் ஒரு தெளிவான கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2012-ல் வந்த திருத்தப்படி, ஏற்கெனவே வெளியான ஒரு படைப்பைப் பயன்படுத்தித் தனிநபர் ஒருவர் வணிக நோக்கமில்லாமல் புதிதாக ஒன்றை உருவாக்கி வெளியிடலாம். மூலத்தை முடிந்தவரை குறிப்பிட வேண்டும், நீங்கள் எடுத்த பிரதி திருட்டுப் பிரதியாக இருக்கக் கூடாது, மூலத்தின் சந்தைக்குக் கணிசமான கெடுதல் வரக் கூடாது. நீங்கள் டொராண்டோவில் உட்கார்ந்து எழுதுபவராக இருந்தால் உங்கள் கேள்விக்கு நான் இன்னும் தைரியமாகப் பதில் சொல்லியிருப்பேன்.

பலருக்கும் தெரியாத ஆபத்து இன்னொரு பக்கம் இருக்கிறது. உங்கள் ரசிகர் கதையில் நீங்கள் புதிதாகச் சேர்த்ததுகூட உங்களுக்குச் சொந்தமாகாமல் போகலாம். 'ராக்கி' குத்துச்சண்டைப் படங்களின் ரசிகரான திமோதி ஆண்டர்சன், நான்காம் பாகத்துக்கென்று தானே ஒரு கதைச்சுருக்கம் எழுதி, தயாரிப்புத் தரப்பிடம் பேசியும் பார்த்தார். பிறகு வந்த நான்காம் பாகம் தன் கதையிலிருந்து எடுத்தது என்று ஸ்டலோன் மேல் வழக்குப் போட்டார். 1989-ல் நீதிமன்றம் சொன்னது இதுதான்: ராக்கியும் அவனைச் சுற்றியுள்ளவர்களும் நன்றாக வரையப்பட்ட பாத்திரங்கள், பாதுகாக்கப்பட்டவை. அவர்களை அனுமதியில்லாமல் எடுத்து எழுதிய உங்கள் கதைக்கு, அதன் புதிய பகுதி உட்பட, பாதுகாப்பே இல்லை. அப்புறம் யார் அதைக் காப்பியடித்தார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை.

இதைவிட விபரீதமாக ஒன்று சமீபத்தில் நடந்தது. அமெரிக்கர் ஒருவர், 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் உலகத்துக்குத் தொடர்ச்சியாக ஒரு நாவல் எழுதி, டோல்கீன் குடும்பத்துக்கு அனுப்பிவைத்து, பதில் வராததால் 2022-ல் தானே வெளியிட்டார். அதே ஆண்டு அதே உலகத்தை வைத்து அமேசானின் தொடர் வந்தது. என் நாவலைத் திருடிவிட்டார்கள் என்று 2023-ல் அவரே அமேசான் மேலும் டோல்கீன் அறக்கட்டளை மேலும் 25 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். முடிவு என்ன ஆயிற்று? வழக்கு தள்ளுபடி. பதிலுக்கு அவர்கள் போட்ட வழக்கில், அவருடைய நாவலின் எல்லாப் பிரதிகளையும், மின்பிரதி உட்பட, அழிக்கச் சொல்லி உத்தரவு. எதிர்த்தரப்பு வக்கீல் செலவு ஏறக்குறைய 1,34,000 டாலர் அவர் தலையில். சும்மா எழுதி வைத்துக்கொண்டிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பல எழுத்தாளர்கள் ரசிகர் கதைகளைப் படிக்கவே மாட்டேன் என்று சொல்வது திமிரினால் இல்லை என்பதும் இதிலிருந்து புரியும். நாளைக்குத் தன் அடுத்த புத்தகத்தில் ஒரு சம்பவம் ஒத்துப்போனால், "என் கதையைப் படித்துவிட்டுத்தானே எழுதினாய்" என்று ஒருவர் கிளம்பிவிடுவார். உங்கள் கதை எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் மூல எழுத்தாளருக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

சரி, அனுமதியே இல்லாமல் எழுதி, பணமும் வாங்கி, கோர்ட்டிலும் ஜெயித்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் பொதுவானது மூலத்தோடு மல்லுக்கட்டியதுதான்.

மார்கரெட் மிட்செலின் 'கான் வித் த விண்ட்' அமெரிக்கத் தென்மாநில நிலப்பிரபுக்களின் உலகத்தை ஏக்கத்தோடு சொல்லும் நாவல். அதில் அடிமைகள் பின்னணியில் நிற்கிற நிழல்கள். ஆலிஸ் ராண்டல் அதே பண்ணையை, அதே மனிதர்களை எடுத்துக்கொண்டு, நாயகி ஸ்கார்லெட்டின் அப்பாவுக்கும் அடிமைத் தாதிக்கும் பிறந்த ஒரு பெண்ணின் வாயால் கதையைத் திருப்பிச் சொன்னார். மிட்செல் தரப்பு கீழ் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. மூலத்தை விமர்சிக்கத்தான் இவ்வளவும் எடுக்கப்பட்டிருக்கிறது, ஒன்றைச் சாடுவதற்கு அதைத் தொட்டுத்தானே ஆக வேண்டும் என்பது வாதம். அந்தத் தீர்ப்பில் இன்னொரு தகவலும் வருகிறது. அதிகாரபூர்வத் தொடர்ச்சி எழுதுபவர்களுக்கு மிட்செல் தரப்பு விதித்துவந்த நிபந்தனைகளில், இனக்கலப்பைப் பற்றியும் ஓரினச்சேர்க்கையைப் பற்றியும் எழுதக் கூடாது என்பவையும் உண்டாம். எதைக் கேள்வி கேட்க வேண்டுமோ அதைக் கேட்கக் கூடாது என்பவரிடமே போய் அனுமதி வாங்கு என்றால் விமர்சனம் எப்படிப் பிறக்கும்? உரிமையாளரின் சம்மதத்துக்கு அப்பாலும் ஒரு வெளி வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இந்த ஒரு விவரமே போதும்.

கேரளத்திலும் இப்படி ஒன்று உண்டு. தோப்பில் பாஸி எழுதி 1952-ல் மேடையேறிய 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' மலையாள நாடக வரலாற்றில் பெரிய பெயர். பல ஆண்டுகள் கழித்து சிவிக் சந்திரன் அதற்கு ஒரு எதிர்நாடகம் எழுதினார். மூலத்தின் பாத்திரங்களும் வசனங்களும் அதில் தாராளமாக வருகின்றன. இயக்கத்துக்காக எல்லாம் இழந்தவர்களுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது என்று கேட்பதற்காக வருகின்றன. பதிப்புரிமை மீறல் என்று வழக்கு. 1996-ல் கேரள உயர் நீதிமன்றம் மூன்றைப் பார்த்தது: எடுத்தது எவ்வளவு, எதற்காக எடுத்தார், மூலத்துக்குப் போட்டியாகுமா. நிறைய எடுத்திருந்தாலும் நோக்கம் விமர்சனம், ஒன்றைப் பார்த்தவர் அதோடு மற்றொன்று வேண்டாம் என்று விடமாட்டார். ஆகவே மீறல் இல்லை என்று முடிவு. இந்தியாவில் ரசிகர் கதைக்கு ஆதரவாக யாராவது வாதாட நேர்ந்தால் முதலில் கையில் எடுக்க வேண்டிய தீர்ப்பு இது என்பேன்.

எதிர்ப்பக்கத்தில் அமெரிக்க எழுத்தாளர் சாலிங்கரின் வழக்கை வையுங்கள். அவருடைய பதின்வயது நாயகன் ஹோல்டன் காஃபீல்டை 76 வயதுக் கிழவனாக்கி, முதியோர் இல்லத்திலிருந்து தப்பி நியூயார்க்கில் அலையவிட்டு ஸ்வீடன்காரர் ஒருவர் நாவல் எழுதினார். 2009-ல் அமெரிக்க நீதிமன்றம் தடுத்தது. மேல்முறையீட்டில் தடை கொடுத்த முறை சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டு, பதிப்புரிமை தீரும்வரை அமெரிக்காவில் அந்தப் புத்தகம் வராது என்று முடிந்தது. அந்த நாவலும் சாலிங்கரை விமர்சிக்கிறது என்று சொல்லிப் பார்த்தார்கள். வயதைக் கூட்டி அதே குரலில் பேசவைப்பது விமர்சனம் ஆகாது என்றார் நீதிபதி. நியாயமாகச் சொன்னால், நாம் எழுதும் ரசிகர் கதைகளில் பத்துக்கு ஒன்பது இந்த ரகம்தான். பிரியத்தினால் எழுதுகிறோம், இன்னும் கொஞ்ச நேரம் அவர்களோடு இருக்க ஆசைப்பட்டு எழுதுகிறோம். சட்டத்தின் கண்ணில் பிரியத்தைவிடச் சண்டைக்கு மதிப்பு அதிகம். விநோதம்தான், ஆனால் நிலைமை அது.

எழுத்தாளர் மறைந்த பிறகு? இந்தியாவில் அவர் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு, இலங்கையிலும் சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் 70, மலேசியாவில் 50. அமெரிக்காவில் பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95. அதனால் ஒரே பாத்திரம் ஒரு நாட்டில் பொதுச்சொத்தாகவும் இன்னொரு நாட்டில் தனிச்சொத்தாகவும் இருக்கும். தவணை முறையில் விடுதலையாவதும் உண்டு. சிறுவர் கதைகளில் வரும் 'வின்னி த பூ' என்ற கரடி 1926-ல் வந்தது, ஆகவே 2022-ல் அமெரிக்காவில் எல்லோருக்கும் உரியதாயிற்று. அதன் தோழனான டிக்கர் என்ற புலி 1928-ல்தான் கதைக்குள் வந்தான். அவனுக்காக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரையில் பார்த்த சிவப்புச் சட்டை அந்த முதல் புத்தகத்தின் படங்களில் இல்லை, எனவே விடுதலையானது சட்டையில்லாத பூ மட்டும்.

ஷெர்லாக் ஹோம்ஸ் விஷயத்தில் இது கேலிக்கூத்தாகவே ஆனது. கானன் டாயிலுக்கே அந்தப் பாத்திரத்தின் மேல் பெரிய உடைமை உணர்ச்சி கிடையாது. ஹோம்ஸாக நடித்த வில்லியம் கில்லெட், நாடகத்தில் ஹோம்ஸுக்குக் கல்யாணம் செய்துவைக்கலாமா என்று தந்தி அடித்துக் கேட்டபோது, கல்யாணம் செய்யுங்கள், கொலை செய்யுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று பதில் அனுப்பியவர் அவர். வாரிசுகள் அப்படி இல்லை. ஹோம்ஸை வைத்து எழுதப்பட்ட புதுக்கதைகளின் தொகுப்பு ஒன்றுக்கு 5,000 டாலர் வாங்கினார்கள். அடுத்த தொகுப்புக்கும் கேட்டபோது தொகுப்பாசிரியர் லெஸ்லி கிளிங்கர் மறுத்துக் கோர்ட்டுக்குப் போனார். அமெரிக்காவில் கடைசிப் பத்துக் கதைகளுக்கு மட்டும் அப்போது உரிமை மிச்சமிருந்தது. அந்தக் கடைசிக் கதைகளில்தான் ஹோம்ஸ் முழுமையடைகிறார், ஆகவே முழு ஹோம்ஸும் எங்களுடையவர் என்பது வாரிசுகளின் வாதம். 2014-ல் நீதிபதி போஸ்னர் அதைத் தூக்கிப் போட்டதோடு, வழக்குச் செலவைவிடக் குறைவான தொகையைக் கேட்டுப் பயமுறுத்தி வாங்கும் இந்தத் தொழில்முறை மிரட்டிப் பணம் பறிப்பதுபோல் இருக்கிறது என்றும் எழுதினார். அப்படியும் அடங்கவில்லை. 2020-ல் ஹோம்ஸின் தங்கையைப் பற்றிய படம் வெளிவரவிருந்தபோது, அன்பும் கனிவும் காட்டும் ஹோம்ஸ் பிற்காலக் கதைகளில்தான் வருகிறார், அந்தக் கனிவு எங்கள் சொத்து என்று வழக்குப் போட்டார்கள். சில மாதங்களில் இரு தரப்பும் முடித்துக்கொண்டன. 2023 பிறந்ததோடு மிச்சக் கதைகளும் அங்கே பொதுவுக்கு வந்துவிட்டன.

காலம் தீர்ந்தாலும் தீராத ஒன்று பிரான்ஸில் இருக்கிறது: படைப்பின் மதிப்பைக் காக்கும் தார்மீக உரிமை. விக்டர் ஹியூகோ மறைந்தது 1885-ல். 2001-ல் 'லே மிசரபிள்' நாவலுக்குத் தொடர்ச்சி எழுதி, ஆற்றில் குதித்துச் செத்த இன்ஸ்பெக்டர் ஜாவேரை ஃபிரான்சுவா செரேசா உயிர்ப்பித்தார். ஹியூகோவின் வம்சத்தில் வந்தவர் கொதித்துப்போய் வழக்குப் போட்டார். 2007-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தொடர்ச்சி எழுதுவதே தவறு என்று சொல்ல முடியாது, படைப்புச் சுதந்திரமும் உண்டு என்று சொல்ல, அடுத்த ஆண்டு வழக்கு தோற்றது. நம் சட்டத்தின் 57-வது பிரிவிலும் இந்தத் தார்மீக உரிமைக்கு இடம் உண்டு. பாத்திரத்தை ஆபாசமாகவோ அவதூறாகவோ திரித்தால் பிரச்சினை அங்கிருந்து வரலாம்.

நடைமுறையில் எழுத்தாளர்கள் எப்படி இருக்கிறார்கள் என்றால், பலவிதம். 'ஹாரி பாட்டர்' எழுதிய ரௌலிங் தரப்பு, காசு வாங்காமலும் சிறுவர்கள் கண்ணில் படக்கூடாத சமாச்சாரம் இல்லாமலும் இருந்தால் ஆட்சேபணை இல்லை என்றது. ரத்தக்காட்டேரி நாவல்கள் எழுதிய ஆன் ரைஸ் 2000-ல் கூடவே கூடாது என்றார், அவர் பாத்திரங்களை வைத்து எழுதிய கதைகளை ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் நீக்கியது. ஜப்பானில் ரசிகர்கள் காமிக்ஸ் வரைந்து சந்தையில் காசுக்கே விற்கிறார்கள், 1975-லிருந்து காமிகெட் என்று பெருவிழாவே நடக்கிறது. பதிப்பகங்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, அங்கிருந்து வந்த கிளாம்ப் குழு பின்னாளில் பெரிய பெயரானது. 2018-ல் சட்டத்தைக் கடுமையாக்கியபோதும், உரிமையாளர் புகார் கொடுக்காமலே வழக்குப் போடும் புது அதிகாரம் இந்த ரசிகர் படைப்புகள் மேல் பாயாதபடி எழுதினார்கள். ஸ்டார் ட்ரெக்கோ பல ஆண்டு ரசிகர் படங்களைப் பொறுத்துப்போனது. ஒரு குழு பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டி ஸ்டுடியோ தரத்தில் எடுக்கக் கிளம்பியதும் 2015-ல் வழக்கு வந்தது. அடுத்த ஆண்டு நிறுவனமே விதி போட்டது: ஒரு பகுதிக்கு 15 நிமிடம், மொத்தம் 30 நிமிடம், திரட்டும் நிதி 50,000 டாலருக்குள். பொறுமை எங்கே அறுந்தது என்பது அந்த எண்களிலேயே தெரிகிறது.

பெயரை மாற்றிவிட்டு வெளியிடும் வழியும் உண்டு. 'ஃபிஃப்டி ஷேட்ஸ்' நாவல் முதலில் 'ட்வைலைட்' பாத்திரங்களை வைத்து எழுதிய ரசிகர் கதை. பெயர் மாறியது, ரத்தக்காட்டேரி மனிதனானான், கோடிக்கணக்கில் விற்றது, வழக்கு எதுவும் இல்லை. லெர்னட் ஹேண்ட் சொன்னதுதான் இங்கேயும்: பெயரையும் உலகத்தையும் கழற்றிய பிறகு மிஞ்சுவது பணக்கார ஆணும் கூச்சப்படும் பெண்ணும் என்ற வகைமாதிரி என்றால், அது யாருடையதும் இல்லை.

உங்கள் கதையைப் பொறுத்தவரை, மூல எழுத்தாளரின் வரிகளை அப்படியே அள்ளாதீர்கள், கட்டணம் வைக்காதீர்கள், அட்டையில் அவர்களின் ஓவியத்தையோ முத்திரையையோ போடாதீர்கள், ஏனென்றால் வணிகச்சின்னம் தனிச் சட்டம், புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அதற்குக் காலாவதியும் இல்லை. எழுத்தாளர் வெளிப்படையாக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள். நீக்கச் சொல்லிக் கடிதம் வந்தால் வாதாடாமல் நீக்கிவிட்டு, பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ரசிகர் படைப்புகள் இருக்கின்றன, 2019-ல் அதற்கு அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதே கொடுத்தார்கள்; அந்தக் கூட்டத்தில் உங்கள் தொடர்ச்சியைத் தேடிப்பிடித்து வழக்குப் போட யாருக்கும் நேரமில்லை. ஆனால் அச்சுப் புத்தகமாகக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால், அதற்கு முன்னால் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பதிப்பகத்திடம் கேளுங்கள். எழுத்தாளரே உரிமையை வைத்திருந்தால் வேலை சுலபம். நிறைய பேர் கேட்டாலே கொடுத்துவிடுகிறார்கள். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.